ஓட்டுபவரைப் படிக்கும் கார்

2018 மார்ச் 18, ஞாயிறு இரவு. பத்து மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையொன்றைக் கடந்துகொண்டிருந்த 49 வயதுப் பெண்மீது ஒரு கார் மோதியது. அவர் இறந்துபோனார். காரை ஓட்டிக்கொண்டிருந்தது கணினி. ஊபர் நிறுவனம் சோதனைக்காக மாற்றியமைத்திருந்த வால்வோ கார் அது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாமல் இல்லை. கணினி எங்கேயாவது கோட்டைவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்து பிரேக்கை மிதிக்க வேண்டியது அவர் வேலை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை வினாடி வினாடியாகப் பிரித்து ஆராய்ந்தது. கார் போன வேகம் மணிக்கு சுமார் 70 கி.மீ.; அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். மோதலுக்கு 5.6 வினாடி முன்பே ரேடார் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டது. இடையில் 100 மீட்டருக்கு மேல் இருந்தது. விழிப்பாக இருக்கும் எந்த ஓட்டுநரும் பதற்றமில்லாமல் வண்டியை நிறுத்தக்கூடிய தூரம். கணினியோ முதலில் அதை வாகனம் என்றது, பிறகு ஏதோவொரு பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் அதுவரை நகர்ந்துவந்த தடத்தை மறந்துபோனது. எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்க வழியில்லாமல் போயிற்று. ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை.

1.2 வினாடி மிச்சமிருக்கும்போதுதான் மோதப்போகிறோம் என்பது கணினிக்கு உறைத்தது. அப்போதும் பிரேக் விழவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கார் திடீர் திடீரென்று நின்றுவிடக் கூடாதென்று, ஆபத்து தெரிந்த பிறகும் ஒரு வினாடி பொறுத்திருக்கும்படி அதை எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வினாடியை இருக்கையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு. இருக்கையில் இருந்தவரின் கைபேசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் பார்வை சாலையில் இல்லை. கடைசி வினாடியில் நிமிர்ந்தார், மோதலுக்கு 0.02 வினாடி முன்பு ஸ்டீயரிங்கைத் திருப்பினார். பிரேக்கை மிதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. காருக்குள் ஓட்டுநரை நோக்கி ஒரு கேமரா இருந்தது. அவர் குனிவதும் நிமிர்வதும் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்தப் படம் காரை ஓட்டிய கணினிக்குப் போகவில்லை. வெளியே இருந்த சைக்கிளை என்னவென்று புரிந்துகொள்ள அத்தனை பாடுபட்ட இயந்திரத்துக்கு, உள்ளே உட்கார்ந்திருந்தவர் எங்கே பார்க்கிறார் என்பது கடைசிவரை தெரியாது.

இன்று விற்பனையில் இருக்கும், ஓட்டுநருக்கு உதவும் 'அடாஸ்' வசதி கொண்ட கார்களில் பெரும்பாலானவை இதே ஏற்பாட்டின் இளைய வடிவங்கள்தாம். லேனுக்குள் வைத்திருக்கும், முன்வண்டியோடு இடைவெளி காக்கும், அவசரத்தில் பிரேக் போடும். ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. ஆறு படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் இதற்கு இரண்டாம் நிலை என்று பெயர். பூஜ்யம் முழுக்க மனிதர். ஐந்து முழுக்க இயந்திரம். இரண்டிலும் மூன்றிலும்தான் வம்பு, ஏனென்றால் அங்கே இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கில் இருக்கிறார்கள்.

கண்காணிப்பு வேலை மனிதருக்கு ஒத்துவராது என்பது கார்க்காரர்கள் கண்டுபிடித்த செய்தி இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் திரைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தவறவிட்டார்கள். நார்மன் மக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத வெற்று முகம்; வினாடிக்கு ஒரு படி நகரும் ஒற்றை முள். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரைமணி கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. 1948-இல் வெளியான இந்த முடிவைப் பிற்பாடு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் செய்துபார்த்தும் அசைக்க முடியவில்லை. 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் எழுதிய சிறு கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்கியது. எளிய வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமான தருணத்தை மட்டும் மனிதரிடம் விடுகிறோம். அதுவும் அன்றாடப் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம். அவர் மனதில் வைத்து எழுதியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை. டெம்பே விபத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே காவலை மாற்றிப்போட்டால் என்ன என்பது கேள்வி. இயந்திரம் ஓட்ட, மனிதர் காவல் இருப்பதற்குப் பதிலாக, மனிதர் ஓட்ட, இயந்திரம் காவல் இருக்கட்டும். அதற்குச் சலிப்பு கிடையாது, கைபேசி கிடையாது. டொயோட்டாவின் ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட ஒரு திட்டத்துக்கே 'கார்டியன்' என்று பெயர் வைத்தது. ஆனால் காவல்காரனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: இந்த மனிதர் அடுத்த இரண்டு வினாடியில் என்ன செய்யப்போகிறார்? அது தெரியாமல் எப்போது குறுக்கிடுவது?

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நல்ல ஆசிரியர் அதன்மேல் காலை வைத்திருப்பாரே தவிர எளிதில் மிதிக்க மாட்டார். முன்னால் பஸ் நிற்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கவனிப்பது பஸ்ஸை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரின் தோளை, கழுத்தை, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழும்புகிறதா என்பதை. கால் எழும்பினால் சும்மா இருப்பார். அதே தூரம், அதே வேகம், ஆனால் பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தால் உடனே மிதிப்பார். இந்த வித்தியாசத்தைக் கணக்காக எழுதுவதுதான் ஓட்டுநரின் கணித மாதிரியை உருவாக்குவது.

மனிதரைச் சமன்பாடாக்கும் முயற்சிக்கு வயது எழுபதுக்கு மேல். அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டுவேன் மெக்ரூயர், விமானி ஒரு கைப்பிடியை எப்படி அசைக்கிறார் என்பதை அளந்து வினோதமான ஒன்றைக் கண்டார். மந்தமான விமானத்தைக் கொடுத்தால் விமானி துடிப்பாகிறார். துடிப்பான விமானத்தைக் கொடுத்தால் நிதானமாகிறார். விமானியை மட்டும் பார்த்தால் ஆளுக்கு ஆள், விமானத்துக்கு விமானம் நடத்தை மாறுகிறது. விமானியையும் விமானத்தையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்த்தால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே சமன்பாடுதான் வருகிறது, கொஞ்சம் தாமதத்தோடு. அதாவது ஓட்டுபவரைத் தனியாகப் பிரித்தெடுத்து அளக்க முடியாது. அவர் கையில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்தே அவர் யார் என்பது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1958-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் சாண்ட்லர், ஹெர்மன், மான்ட்ரால் மூவரும் இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பி. பின்காரில் இருந்த ராட்டையில் அது அவிழ்வதையும் சுற்றுவதையும் வைத்து இடைவெளி எப்படி மாறுகிறது என்று பதிந்தார்கள். ஓட்டியவர்கள் எட்டுப் பேர். பின்னால் வருபவர் இடைவெளியைப் பார்த்து ஓட்டுவதாகத்தான் நாம் நினைப்போம். தரவு சொன்னது வேறு: முன்கார் தன்னைவிட வேகமா மெதுவா என்ற வித்தியாசத்துக்கே அவர் கால் அதிகம் பதில் சொல்கிறது, அதுவும் ஏறக்குறைய ஒன்றரை வினாடி தாமதமாக. அந்தத் தாமதத்தையும் ஓட்டுநர் எவ்வளவு கடுமையாகப் பதில் சொல்கிறார் என்ற அளவையும் பெருக்கினால் வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டும்போது, முன்னால் ஒருவர் லேசாகத் தொட்ட பிரேக் பின்னால் போகப்போகப் பெரிதாகி, இருபதாவது காரை நிறுத்திவிடுகிறது. காரணமே தெரியாமல் நெடுஞ்சாலையில் நாம் நின்று, காரணமே தெரியாமல் கிளம்புவதற்கு இதுதான் காரணம்.

இந்த மாதிரிகளில் ஓட்டுநருக்குக் கண் கிடையாது. கண்ணைக் கொண்டுவந்தவர்களில் டேவிட் லீ முக்கியமானவர். 1976-இல் அவர் சொன்னது வியப்பான அளவுக்கு எளியது. முன்னால் நிற்கும் லாரியின் தூரமும் நமக்குத் தெரியாது, நம் வேகமும் துல்லியமாகத் தெரியாது. ஆனால் லாரியின் பிம்பம் கண்ணுக்குள் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பவை தெரியும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மோதுவதற்கு மிச்சமிருக்கும் நேரம் கிடைத்துவிடும். வினாடிக்குப் பத்தில் ஒரு பங்கு வளர்கிறதென்றால் பத்து வினாடி இருக்கிறது; பாதியளவு வளர்கிறதென்றால் இரண்டே வினாடி. கணக்கே தெரியாதவரும் சரியான நேரத்தில் பிரேக் பிடிக்கும் ரகசியம் இதில் இருக்கலாம்.

பதினெட்டு ஆண்டு கழித்து அதே லீயும் மைக்கேல் லேண்டும் எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சாலையில் ஓட்டுநர்களின் கண்ணைப் படம்பிடித்தார்கள். வளைவு வருவதற்கு ஒன்று, இரண்டு வினாடி முன்பே பார்வை வளைவின் உட்பக்க விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. கை அதற்குப் பிறகுதான் திரும்புகிறது. காவல் இயந்திரத்துக்கு இது பெரிய துப்பு. ஸ்டீயரிங் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் செய்தி தாமதமாக வருகிறது. அந்தச் செய்தி ஒரு வினாடிக்கு முன்பே கண்ணில் வந்துவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரிகள் அனைத்தும் சராசரி ஓட்டுநரைப் பற்றியவை. விபத்தில் சிக்குவது சராசரி நிமிடம் அல்ல. 'வழக்கமாக இவர் இங்கே இடதுபக்கம் வளைப்பார்' என்ற ஒற்றைக் கோடு காவலுக்கு உதவாது. அந்தக் கோட்டைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு அவர் விலகக்கூடும் என்பதுதான் தேவை.

இதற்கு நேர்மாறான துருவமும் உண்டு. பழைய பாதுகாப்பு அமைப்புகள் ஓட்டுநரை ஓர் இடையூறாக, கெட்ட எண்ணம் கொண்ட எதிரியாகவே வைத்துக் கணக்குப் போட்டன: இவர் எதை வேண்டுமானாலும் செய்வார், ஆகவே மிக மோசமானதை எதிர்பார். கேட்க ஜாக்கிரதையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அபத்தம் புரியும். உலர்ந்த சாலையில் ஒரு கார் பக்கவாட்டில் அதிகபட்சம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் அளவுக்கு முடுக்கம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். லேன் 3.5 மீட்டர், கார் 1.8 மீட்டர், நடுவில் போனால் இருபக்கமும் 0.85 மீட்டர் மிச்சம். ஓட்டுநர் வேண்டுமென்றே ஒடித்தால் அரை வினாடியில் கார் 0.9 மீட்டர் விலகிவிடும். ஆக, அரை வினாடிக்கு மேல் முன்னோக்கிப் பார்க்கும் எந்த அமைப்பும், ஓட்டுநரை எதிரியாக நினைத்தால், ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்தும் ஓயாமல் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை வினாடிக்குக் குறைவாகப் பார்த்தால் அப்போது செய்ய ஒன்றுமில்லை, 70 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கே மூன்று வினாடி ஆகும்.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ருசேனா பாய்ச்சியும் பிரான்செஸ்கோ பொரெல்லியும் அவர்களோடு இருந்த இளம் ஆய்வாளர்களும் 2010-களின் தொடக்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடினார்கள். அசையும் மேடைமேல் அமைத்த சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்தார்கள். எதிரே, வீடியோ கேம் விளையாட மைக்ரோசாஃப்ட் விற்ற கினெக்ட் கேமரா. அது முகத்தை அடையாளம் காண்பதற்காக அல்ல. தோள், முழங்கை, மணிக்கட்டு இவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதற்கு. ஓட்டுபவர் கையில் ஒரு கைபேசி. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வரும், பதில் எழுத வேண்டும். எழுதும்போது வலது மணிக்கட்டு ஸ்டீயரிங்கை விட்டு இறங்குவதும், தோள் லேசாகச் சரிவதும், கார் மெதுவாக ஒருபக்கம் ஒதுங்க ஆரம்பித்துப் பிறகு வெடுக்கென்று நடுவுக்கு வருவதும் அப்படியே தரவாகச் சேர்ந்தன.

பிறகு அவர்கள் செய்தது இதுதான். கடந்த சில கணங்களில் உடல் இருந்த நிலை, எதிரே வரவிருக்கும் சாலையின் வடிவம் இரண்டையும் வைத்து ஒத்த தருணங்களை ஒரே குவியலாக்கினார்கள். 'வளைவு வருகிறது, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்' என்பது ஒரு குவியல்; 'வளைவு வருகிறது, ஒரு கை கைபேசியில்' என்பது இன்னொன்று. அந்தக் குவியலில் உள்ள தருணங்களுக்குப் பிறகு இதே ஆள் உண்மையில் எங்கெங்கே போனார் என்று எல்லாத் தடங்களையும் சாலைமேல் வரைந்தால் ஒரு பட்டை கிடைக்கும். முதல் குவியலுக்கு ஒடுங்கிய பட்டை. இரண்டாவதற்கு விரிந்த பட்டை. காரின் கணினி ஒவ்வொரு கணமும் பார்க்க வேண்டியது, அந்த நேரத்துக்கான பட்டை லேன் விளிம்பையோ எதிரில் நிற்கும் வண்டியையோ தொடுகிறதா என்பது மட்டுமே. தொடவில்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டிரு. தொட்டால் குறுக்கிடு, அதுவும் ஓட்டுநர் செய்வதை முடிந்தவரை மாற்றாமல், பட்டை விலகும் அளவுக்கு மட்டும் திருத்து.

டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர் செய்வது ஏறக்குறைய இதுவேதான். அவர் அனுபவத்தால் செய்கிறார். இங்கே தரவு செய்கிறது. எனக்குப் பிடித்தது இதிலுள்ள அடக்கம்: மனிதர் என்ன நினைக்கிறார் என்று இந்த மாதிரி ஊகிப்பதே இல்லை. இந்த நிலையில் இருந்தபோதெல்லாம் இவர் இங்கிருந்து இவ்வளவுக்குள்தான் போயிருக்கிறார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

பட்டையின் அகலத்தில்தான் எல்லாச் சிக்கலும். அகலமாக வரைந்தால் ஒருபோதும் தப்பாது, ஆனால் ஓயாமல் குறுக்கிடும். ஒடுக்கமாக வரைந்தால் தொந்தரவில்லை, ஆனால் ஒருநாள் ஓட்டுநர் பட்டைக்கு வெளியே போய்விடுவார். தொந்தரவைச் சின்ன விஷயம் என்று நினைக்க முடியாது. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வாஷிங்டன் பகுதியில் சர்வீசுக்கு வந்த கார்களைத் திறந்து பார்த்தது. லேன் எச்சரிக்கை வசதி இருந்த 265 கார்களில் அது இயக்கத்தில் இருந்தது 51 சதவீதத்தில்தான். மற்றவர்கள் அணைத்துவிட்டார்கள். அணைக்கப்பட்ட காவலின் துல்லியம் எவ்வளவு இருந்தால் என்ன?

நிறுவனங்கள் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது இன்னும் மலிவான வழி. கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள்: ஸ்டீயரிங்கில் லேசான முறுக்கம் தெரிந்தால் ஆள் விழிப்பாக இருக்கிறார் என்று பொருள். டெஸ்லா ஓட்டுநர்கள் சிலர் ஸ்டீயரிங் வளையத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைச் செருகி அதை ஏமாற்றினார்கள். இதற்கென்றே செய்த எடைத்துண்டு ஒன்று சந்தைக்கு வந்து, 2018-இல் அமெரிக்க அரசு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் தடுப்பில் மோதிய டெஸ்லாவில், கடைசி ஆறு வினாடி ஸ்டீயரிங்கில் கை படவில்லை. ஓட்டுநர் கைபேசியில் விளையாட்டில் மூழ்கியிருக்கக்கூடும் என்றது விசாரணை வாரியம். கேடிலாக் கார்களில் 2017-இலேயே ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களுக்குக் கவனச்சிதறல் எச்சரிக்கை கட்டாயம்.

கையைவிடக் கண் நம்பகமானது. ஆனால் கண்ணும் முழுசாக நம்பக்கூடியதல்ல என்று காட்டியது வால்வோவின் சோதனைத் தடத்தில் ட்ரென்ட் விக்டரும் சகாக்களும் நடத்திய ஆய்வு. மிக ஒழுங்காகத் தானே ஓடும் காரில் 76 பேரை அரைமணி நேரம் உட்காரவைத்தார்கள். கண்ணைச் சாலையில் வைக்கச் சொல்லி நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பாதையில் ஒரு பொருள் கிடக்கும். கார் அதைக் கண்டுகொள்ளாது. ஓட்டுநர்தான் திருப்ப வேண்டும். 21 பேர் மோதினார்கள். தூங்கவில்லை, கைபேசி பார்க்கவில்லை. பொருளைப் பார்த்துக்கொண்டே மோதினார்கள். கார் எப்படியும் திருப்பிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு கையைக் கட்டிப்போட்டிருந்தது. மக்வொர்த்தின் கடிகாரத்தில் இருந்தது கவனம் மங்குவது. இதில் கவனம் இருக்கிறது, பொறுப்பு நழுவியிருக்கிறது. எந்தக் கேமராவுக்கு அது தெரியும்?

மெக்ரூயரின் விமானியை நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். காவல் வைத்தவுடன் ஓட்டுநர் மாறிவிடுகிறார். 1980-களில் மூனிக் நகரில் ஒரு டாக்ஸி நிறுவனத்தின் கார்களில் பாதிக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கைப் பொருத்தினார்கள், மீதிக்குப் பொருத்தவில்லை. விபத்து எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஏபிஎஸ் இருந்த டாக்ஸிகள் வளைவை இன்னும் கூர்மையாக எடுத்தன, முன்வண்டியோடு இன்னும் நெருங்கின. அப்படியானால், இன்று ஒரு மனிதரைப் பார்த்துக் கற்ற மாதிரி, அந்த மாதிரியே அவரைக் காக்கத் தொடங்கிய ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். பட்டையை வரையும் வேலை முடிகிற வேலை இல்லை.

இயந்திரம் மனிதரை மாற்றும் இந்தப் பாதிப்பையே கருவியாக்கிப் பார்த்தவர்களும் பெர்க்லியில்தான் இருந்தார்கள். தோர்சா சடீக்கும் சகாக்களும் 2016-இல் தங்கள் கணினிக் காருக்கு, எதிரே இருக்கும் மனித ஓட்டுநர் தன் செயலுக்கு எப்படிப் பதில் சொல்வார் என்ற மாதிரியைக் கொடுத்தார்கள். நாற்சந்தியில் இருவரும் நிற்கிறார்கள். மனிதர் முதலில் போக வேண்டும் என்பது கணினியின் இலக்கு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கார் கொஞ்சம் பின்னோக்கி நகர்ந்தது. எதிரே இருப்பவர் புரிந்துகொண்டு கிளம்பிவிட்டார். நம் ஊர்ச் சந்துகளில் தினமும் நடக்கும் விட்டுக்கொடுப்பை உகந்த வழியைத் தேடும் ஒரு கணக்கு தானாகவே கண்டுபிடித்திருக்கிறது.

நம் ஊர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகின் பல ஓட்டுநர் மாதிரிகள் உரசிப்பார்க்கப்பட்ட கல், 2005-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த காணொளித் தரவு. எமரிவில் நகரில் முப்பது மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, ஐ-80 நெடுஞ்சாலையின் அரைக் கிலோமீட்டரில் போன ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் வினாடிக்குப் பத்து முறை குறித்தார்கள். அங்கே லேன் இருக்கிறது. யார் யாருக்குப் பின்னால் போகிறார் என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்கிறது. 2015-இல் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி, டோமர் டொலேடோ குழுவினர் இதுபோன்ற ஒரு தரவைச் சென்னையிலிருந்து வெளியிட்டார்கள். இடம் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம், 245 மீட்டர் நீளம், சுமார் 3,000 வண்டிகள். பாதிக்கு மேல் டூவீலர். மிச்சத்தில் கார், ஆட்டோ, பஸ், லாரி.

அந்தத் தடங்களில் 'முன்வண்டி' என்ற ஒன்றைத் தேடினால் தலை சுற்றும். ஒரு பைக்குக்கு முன்னால் பாதி ஆட்டோவும் பாதி காரும் இருக்கும். அது பின்தொடர்வது இரண்டையும் அல்ல, நடுவில் திறக்கப்போகும் இடைவெளியை. 1958-இல் கம்பி கட்டி அளந்த சமன்பாட்டுக்கு இங்கே கம்பியை எங்கே கட்டுவது என்றே தெரியாது. கார் ஓட்டுபவரும் அப்படித்தான்: கோட்டை மிதித்துக்கொண்டு போவது தூக்கக் கலக்கத்தின் அடையாளம் அல்ல, பக்கத்தில் நுழையும் ஸ்கூட்டருக்கு விட்ட வழி. ஐரோப்பியத் தரவில் கற்ற லேன் அசிஸ்ட் அதை விலகலாக எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஸ்கூட்டர் பக்கம் தள்ளும். இங்கே பட்டையை வேறு அச்சில் வரைய வேண்டும். லேனுக்குள்ளா வெளியிலா என்பதை விட்டுவிட்டு, எந்த இடைவெளியை நோக்கி என்று. அந்த இடைவெளியை ஓட்டுநர் பார்த்தாரா என்பது அடுத்தது.

இரண்டாவதற்கு உயரத்திலிருந்து எடுத்த படம் போதாது. அதில் வண்டிகளின் கூரை தெரியும், யார் கண் எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியாது. உள்ளே ஒரு கேமராவும் வெளியே ஒன்றும் ஒரே நேரத்தில், நம் சாலைகளில், மாதக்கணக்கில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு யாரிடம் இருக்கும் என்ற கேள்வி உடனே எழும். எப்போதெல்லாம் கைபேசியைப் பார்த்தேன் என்ற பட்டியல் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போவதை எந்த ஓட்டுநர் விரும்புவார்? ஐரோப்பியச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. கவனச்சிதறல் எச்சரிக்கைக்காகச் சேரும் தரவு காருக்குள்ளேயே முடிந்துபோக வேண்டும். தொடர்ந்து பதிவு செய்து வைக்கவும் கூடாது, மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கவும் கூடாது. மாதிரி செய்பவர்களுக்கு இது பெரிய நெருக்கடி, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது அந்தத் தரவேதான். ஒரு வழி, பொதுவான மாதிரியை மட்டும் தொழிற்சாலையில் கொடுத்துவிட்டு, அவரவர் தோளும் கழுத்தும் அசையும் விதத்தைக் கார் தன் உரிமையாளரிடமிருந்து தானே கற்றுக்கொண்டு தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் காரை விற்கும்போது பழைய ஓட்டுநரை அழித்துவிட்டு, வாங்கியவரை அது முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.